டிசையர் பெட்ரோல்: கம்பெனி சொன்ன மைலேஜும் ரோட்டில் கிடைக்கிற மைலேஜும்

மாருதி டிசையர் கார் வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, மைலேஜ் எவ்வளவு கொடுக்குது என்பதுதான். என்னிடம் இருப்பது 2020இல் வந்த டூயல்ஜெட் இன்ஜின் வண்டி, 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். கம்பெனி சொன்ன கணக்கு லிட்டருக்கு 23.26 கிமீ. எனக்குக் கிடைப்பது சென்னைக்குள் ஏசியோடு 14லிருந்து 16 வரை. மதுரைக்கு 80, 85 வேகத்தில் போனால் 22க்குக் கொஞ்சம் மேலே, அதே ரோட்டில் 110இல் போனால் 18தான். வண்டி ஒன்று, ஓட்டுகிற ஆளும் ஒன்று, இருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

அதற்காக அந்த 23.26 பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சோதனை நடப்பது லேபில், வண்டியை உருளைமேல் நிறுத்தி ஓட்டுவார்கள், ஏசி போட மாட்டார்கள், வேகம் 90ஐத் தாண்டாது. சித்திரை வெயிலில் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தால் அந்த எண் எப்படி வரும்?

மைலேஜ் பார்ப்பதாக இருந்தால் மீட்டரில் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள், என் வண்டியில் அது கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது. ஆட்டோ கட் ஆகும் வரை ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப் மீட்டரை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த தடவையும் அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிமீயை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். நாசில் ஒரு தடவை டக்கென்று நின்ற பிறகும், "ரவுண்டா போட்டுடவா சார்" என்று பங்கில் இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்குவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கணக்கும் கெடும், டேங்கில் ஆவிக்கு விட்டிருக்கும் இடமும் போய்விடும்.

சரி, எப்படிக் கூட்டுவது? முதலில் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80இல் இருப்பதைவிட 110இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சென்னையிலிருந்து மதுரைக்கு 450 கிமீக்கு மேல் வரும், 18க்கும் 22க்கும் நடுவில் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் போகிறது, லிட்டர் நூறு ரூபாய் விற்கும்போது ஐந்நூறு ரூபாய். வேகமாகப் போனால் காகிதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும்தான், ஆனால் பரனூர், விக்கிரவாண்டி டோல் வரிசை, வலது லேனை விடாத லாரி எல்லாம் போக உண்மையில் மிஞ்சுவது அரை மணி நேரம்.

சிட்டிக்குள் பெட்ரோலைத் தின்பது பிரேக்தான். காசு கொடுத்து ஏற்றிய வேகத்தை ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக்கில் சூடாக்கி வீணாக்குகிறோம். தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே உருளவிடுங்கள், அப்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் அதை அடியோடு நிறுத்திவிடும். இதை அறியாமல் ஏற்காடு இறக்கத்தில் நியூட்ரல் போட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது. நியூட்ரலில் இன்ஜின் ஐடிலில் ஓடப் பெட்ரோல் குடித்துக்கொண்டேதான் இருக்கும், அதோடு 20 கொண்டை ஊசி வளைவிலும் இன்ஜின் பிடி இல்லாமல் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிச்சமும் இல்லை, உயிருக்கும் ஆபத்து.

இந்த வண்டியில் சிக்னலில் நியூட்ரல் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் தானாக நிற்கும் வசதி உண்டு. நிறையப் பேர் ஏறியதுமே பட்டனை அழுத்தி அதை ஆஃப் செய்துவிடுகிறார்கள். கோடையில் உள்ளே சூடு ஏறினால் அதுவே இன்ஜினைக் கிளப்பிவிடும், அதனால் மே மாதத்தில் பெரிய பலன் இல்லை, மற்ற மாதங்களில் விட்டுவைக்கலாம்.

டயர் காற்றை மாதம் இரண்டு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்குப் பாருங்கள். மேலே கேரியர் மாட்டாதீர்கள், 378 லிட்டர் டிக்கி இருக்கிற வண்டிக்கு அது எதற்கு?

காசு கேட்கும் வைத்தியம் எதுவும் தேவையில்லை. ஒரு வெளி ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் கிளீனிங் செய்தால் லிட்டருக்கு மூன்று கிமீ கூடும் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். முன்னும் பின்னும் ஃபுல் டேங்க் கணக்குப் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. ஏர் ஃபில்டரும் மேனுவலில் சொன்ன ஆயிலும் நேரத்துக்கு மாற்றினால் போதும்.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றித்தான் எனக்கு உண்மையான கோபம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ10க்கு, அதாவது பத்து சதவீதக் கலப்புக்கு அமைத்த பழைய கார்களில் இ20 போட்டால் 6, 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. என் வண்டி, இ20க்கு ஏற்ற கார்கள் வரத் தொடங்கிய 2023 ஏப்ரலுக்கு முந்தையது, சிட்டியில் ஒரு கிமீ போல இறங்கியிருக்கிறது. மைலேஜ் குறைகிறது, பங்கில் விலை குறையவில்லை, வேறு பெட்ரோல் போடலாம் என்றால் சாதாரண பங்கில் அதற்கும் வழி இல்லை. இதில் என்ன நியாயம்?

வண்டியைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. ஓட்டுகிற சுகம் வேண்டும் என்றால் ஹோண்டா சிட்டி பாருங்கள், அதன் மேனுவல் பெட்ரோலுக்குச் சொன்னதே 17.8தான் என்பதையும் நினைவில் வையுங்கள். தினமும் ஆபீஸ், மாதம் ஒரு தடவை ஊர் என்றால் டிசையர் பெட்ரோல் போதும். தினமும் நூறு கிமீ ஓடுகிறவர்கள் சிஎன்ஜி பக்கம் போகலாம், ஆனால் டிக்கியை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும், ஊருக்குப் போகும்போது பெட்டியை மடியில்தான் வைக்க வேண்டும்.