தேனீப் பெட்டியை ரப்பருக்கு மாற்ற: அந்தியா, விடியலா?

மார்த்தாண்டத்துத் தென்னந்தோப்பிலிருந்து பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்துக்குப் பெட்டி ஏற்றும்போது தேனீயின் தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள்.

விடியலில் ஏற்றினால் இரவுத் தூக்கம் கெடாது. சிக்கல் வேறு. இரை தேடும் மூத்த தேனீக்களின் மூளையில் ஆக்டோபமைன் என்ற, சுறுசுறுப்பைத் தூண்டும் நரம்பு வேதிப்பொருள் கூடுதல். உடற்கடிகாரமும் அவற்றுக்குக் கறார். வெளிச்சம் வந்ததும் மூடிய வாசலில் முட்டிமோதும், பெட்டி சூடேறும். வண்டி தாமதமானால் மெழுகு இளகித் தேனடை சரியும்.

இருட்டியபின் எல்லாத் தேனீயும் உள்ளேதான். உணர்கொம்பு தொங்கி அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று பொருள். 1988-இலேயே பதிவான அடையாளம் இது. வண்டிக் குலுக்கலில் அந்தத் தூக்கம் கலையும். தூக்கம் கெட்ட தேனீ மறுநாள் ஆடும் நடனத்தில் திசை பிசகும், அடுத்த இரவு ஆழ்ந்து தூங்கி ஈடுகட்டும். புழுவுக்கு ஊட்டும் செவிலித் தேனீக்களுக்கு இரவு பகல் பேதமில்லை, குட்டித் தூக்கம்தான்.

எங்கள் தேர்வு அந்தி. ஏழு மணிக்கு வாசலைக் கம்பிவலையால் அடையுங்கள். அடை தாங்கும் சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்கட்டும். சிவப்பு விளக்கு போதும். அந்த நிறம் தேனீக்குத் தெரிவதே அரிது. பத்துக்குள் இறக்கி வலையை எடுத்துவிட்டால், மிச்ச இரவு தூங்கக் கிடைக்கும்.