பழைய கீசரைக் கொடுத்து இன்னொரு பழைய கீசர் வாங்கிய கதை

கோவையில் இருப்பவர்கள், அதிலும் போர்வெல் தண்ணீர் ஓடும் வீட்டுக்காரர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்குப் போனது 11,150 ரூபாய்.

2024 டிசம்பர், மார்கழி பிறந்த வாரம். எங்கள் 15 லிட்டர் கீசர் மக்கர் செய்யத் தொடங்கியது. 20 நிமிடத்தில் கையைச் சுடும் தண்ணீர், முக்கால் மணி நேரம் போட்டாலும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. கூடவே கீழே சொட்டுச் சொட்டாக ஒழுகல். வாங்கியது 2019 ஆடித் தள்ளுபடியில். வாரண்டி கார்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதைத் தேடச் சோம்பல்பட்டு, கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று போனில் தட்டி, முதலில் வந்த நம்பருக்கு அடித்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். நிஜக் கஸ்டமர் கேர் எந்தக் காலத்தில் இரண்டாவது ரிங்கில் எடுத்திருக்கிறது?

ஒரு மணி நேரத்தில் இரண்டு பையன்கள் வந்தார்கள். கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட். வந்து பார்க்க 350 ரூபாய். ஒருவன் கீசரின் அடியில் இருந்த பிளக்கைக் கழற்றி, எங்கள் மஞ்சள் மக்கில் தண்ணீரைப் பிடித்தான். டீ நிறத்தில் தண்ணீர், அடியில் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டதுபோல வெள்ளைத் துகள்கள். மக்கை அத்தையின் முகத்துக்கு நேராக நீட்டி, "பாத்தீங்களாம்மா, டேங்க் உள்ள அரிச்சுப் போச்சு. இனி தண்ணிய சூடாக்குற காயில் மாத்தியும் புண்ணியமில்ல. எப்ப வேணா கரண்ட் அடிக்கும்" என்றான். கரண்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தைக்கு வேறெதுவும் கேட்கவில்லை. "கொழந்தை குளிக்கிற எடம் கண்ணு, மாத்திப்போடு."

அவன் வண்டியிலேயே தயாராக ஒரு 25 லிட்டர் கீசர் இருந்தது. 11,800; பழையதைக் கொடுத்தால் ஆயிரம் கழிவு. மாட்டிவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பணம் போனது யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு. பில் என்று தந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்திய தாள்; ஜிஎஸ்டி எண் கிடையாது.

மூன்றே வாரம். ஸ்விட்ச் போட்டதும் எம்சிபி (கரண்டில் கோளாறு என்றால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழ ஆரம்பித்தது. அவர்கள் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அப்புறம்தான் புடவைகளைக் கலைத்துப் பழைய வாரண்டி கார்டை எடுத்தேன். அதிலிருந்த நம்பரைக் கூப்பிட்டு, புது கீசரின் சீரியல் நம்பரைச் சொன்னேன். "மேடம், இது 2018லயே வேற மாவட்டத்துல ரிஜிஸ்டர் ஆயிருக்கே" என்றார் அந்தப் பெண்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கீழ் மூடியைக் கழற்றினார். ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தது. காயில் முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல உப்பு. வெளியே புது வெள்ளைப் பெயிண்ட், நகத்தால் சுரண்டினால் துரு.

அதைவிட வயிறெரிந்தது அடுத்து நடந்ததில். பழைய கீசர் சொட்டும்போது கணவருக்கு அனுப்ப ஒரு வீடியோ எடுத்திருந்தேன். அண்ணன் அதை இரண்டு முறை பார்த்தார். "ஏம்மா, இது டேங்க் ஒழுகலே இல்ல. சேஃப்டி வால்வு வாயில சொட்டுது பாரு. செவப்பு லைட்டும் எரியுது, அப்போ சூடாயிட்டு இருக்குன்னு அர்த்தம்." தண்ணீர் சூடானால் விரியும், அந்த அழுத்தத்தை வெளியே விடத்தான் அந்த வால்வு இருக்கிறது. சூடாகும்போது மட்டும் நாலு சொட்டு விழுந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எப்போதும் ஒழுகினால் வால்வைப் பார்க்க வேண்டும். யோசித்தால், ஸ்விட்ச் போட்ட நேரத்தில் மட்டும்தான் சொட்டியது. மூன்று நாள் அந்தத் தரையைத் துடைத்தவள் நான்தான்.

மக்கில் காட்டிய அழுக்கு? உப்புத் தண்ணீரில் ஐந்து வருஷம் ஓடிய எந்தக் கீசரைத் திறந்தாலும் அதுதான் வருமாம். காயிலில் உப்பு படிந்ததால்தான் சூடாக நேரமெடுத்திருக்கிறது. காயிலும் மக்னீசியம் ராடும் மாற்றி, உள்ளே கழுவிவிட்டால் 1,500 ரூபாய்க்குள் முடிந்திருக்கும் என்றார். டேங்க் அரிக்காமலிருக்க, தான் கரைந்துபோவதுதான் அந்த ராடின் வேலை. போர் தண்ணீர் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் பார்க்கச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எனக்குத் தெரியாது.

அப்போ எப்போதுதான் மாற்றுவது என்று கேட்டேன். ஸ்விட்ச் அணைத்திருக்கும்போதும் சொட்ட வேண்டும். அது வால்விலிருந்தோ, காயில் மாட்டுமிடத்து ரப்பர் வளையமான கேஸ்கெட்டிலிருந்தோ இல்லாமல் டேங்கின் உடம்பிலிருந்தே வர வேண்டும். அப்படியென்றால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும், டேங்கை ஒட்டவைக்கிறேன் என்று வருபவனை நம்பாதே என்றார். எம்சிபி விழுந்தாலோ ஷாக் அடித்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். ஆனால் பெரும்பாலும் அது காயில் கோளாறு, அதற்காகக் கீசரையே தூக்கிப்போட வேண்டியதில்லை.

எங்கள் கார்டில் டேங்குக்கு மட்டும் ஏழு வருஷ வாரண்டி. அதாவது 2026 வரை. அந்தப் பையன் சொன்னது நிஜமாகவே இருந்திருந்தாலும் கம்பெனியிடம் முதலில் கேட்டிருக்கலாம். (சில கம்பெனிகள் தண்ணீரின் கடினத்தன்மைக்கு வரம்பு வைத்திருக்கின்றன, அதையும் கார்டில் பாருங்கள்.) இப்போது கேட்கவும் வழியில்லை, கீசரைத்தான் தூக்கிக் கொடுத்துவிட்டேனே.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் நுகர்வோர் உதவி எண் 1915க்கும் புகார் கொடுத்தாகிவிட்டது. பணம் போனவுடனே 1930ஐக் கூப்பிட்டால் அதை முடக்க வாய்ப்புண்டு. மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்ட எனக்குப் புகார் எண் மட்டும் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. எங்கள் பழைய கீசரின் வலது பக்கம் என் பையன் ஒரு மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். உரித்தாலும் பசை போகாத ரகம். சமீபத்தில் யாருக்காவது 'புது' 15 லிட்டர் கீசர் மாட்டியிருந்தால், வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.