ஃபிளாஷ் பிராக்கெட்: கைக்கு ஒன்று, டிரைபாடுக்கு ஒன்று

திருமண வரவேற்பு மேடையைப் படமெடுப்பவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகத் தெரியும். மணமக்களைத் தலை முதல் கால் வரை எடுப்பதற்காகக் கேமராவை நெட்டாகத் திருப்பியவுடன், அதுவரை லென்ஸுக்கு நேர் மேலே இருந்த ஃபிளாஷ் இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. படத்தில் மணமகனுக்கு வலப்பக்கமாகப் பூ அலங்காரத் திரையின் மேல் ஒரு கறுத்த நிழல் ஒட்டிக்கொள்கிறது. கூரையில் ஒளியைப் பட்டுத் தெறிக்கச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனால் நம் மண்டபங்களில் பெரும்பாலும் கூரை இருபது அடிக்கு மேல் இருக்கிறது, அல்லது அதன் கீழே ஊதாவும் சிவப்புமாகத் துணி கட்டியிருக்கிறார்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி எல்லார் முகத்திலும் அந்த நிறத்தையே பூசிவிடும். ஆகவே ஃபிளாஷை நேராகவே அடித்தாக வேண்டும், அதுவும் கேமரா எப்படித் திரும்பினாலும் ஃபிளாஷ் மேலேயே நிற்க வேண்டும். கேமராவில் மாட்டி ஃபிளாஷைத் தாங்கும் பிராக்கெட் என்ற கருவியின் வேலை இவ்வளவுதான். மூன்று வகைப் பிராக்கெட்டுகளை நான் பயன்படுத்திப் பார்த்தேன். அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எல் வடிவப் பட்டை. கேமராவின் அடியில் ஒரு திருகு, இடப்பக்கம் ஒரு கைப்பிடி, அதன் உச்சியில் ஃபிளாஷ் செருகும் காடி (ஷூ). இதை வைத்துக்கொண்டு நெட்டாக எடுத்தால் ஃபிளாஷ் மேலே வருகிறது. ஆனால் கேமராவை இடப்பக்கம் மேலே வரும்படி, அதாவது ஷட்டர் அழுத்தும் கை கீழே இருக்கும்படி திருப்ப வேண்டும். வலக்கையை உயர்த்தியே பழகியவர் மறந்து திருப்பினால் ஒளி முகவாய்க்குக் கீழிருந்து அடித்து, மணப்பெண் பேய்க்கதைப் பாத்திரம் போலத் தெரிவார். படுக்கைவாட்டில் எடுக்கும்போதோ ஃபிளாஷ் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பட்டை நிழலை நீக்கவில்லை, நெட்டுப் படத்திலிருந்து படுக்கைப் படத்துக்கு மாற்றி வைத்தது, அவ்வளவே. ஒற்றைத் திருகில் நிற்பதால் கேமரா சிறிது சிறிதாகச் சுழன்றுவிடுவதும் உண்டு. பின்பக்கம் கேமராவைத் தாங்கும் சிறு விளிம்பு இல்லாத எந்தப் பிராக்கெட்டையும் நான் இனி வாங்குவதாக இல்லை.

இரண்டாவது வகையில் பிராக்கெட்டின் கை கேமராவுக்கு மேலாக வளைந்து சென்று, ஃபிளாஷைத் தாங்கும் பகுதி மட்டும் தொண்ணூறு பாகை புரள்கிறது. ஸ்ட்ரோபோஃப்ரேம் என்ற பிராண்டின் குயிக் ஃபிளிப் பலருக்கும் அறிமுகமானது. என்னிடம் இருப்பது அதே அமைப்பில் வேறொருவர் செய்தது. கேமராவைத் திருப்பியதும் இடக்கையால் ஃபிளாஷை ஒரு தட்டு தட்டினால் அது மறுபடி லென்ஸுக்கு மேலே வந்து நிற்கிறது. ஒரு மணி நேரப் பழக்கத்தில் அது கைக்குத் தானாக வந்துவிடுகிறது. கையில் வைத்து எடுப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

இந்தப் பிராக்கெட்டில் லென்ஸின் நடுவிலிருந்து ஃபிளாஷ் தலையின் நடு வரை ஏறத்தாழ 25 செ.மீ. உயரம் இருக்கிறது, கேமராவின் மேல் நேரடியாகச் செருகினால் என் கருவிகளில் அது 15 செ.மீ. தான். இந்தப் பத்து சென்டிமீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் படத்தில் வரும் கண் சிவப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் விரிந்திருக்கும் கண்மணி வழியாக ஒளி உள்ளே சென்று, இரத்தக் குழாய்கள் நிறைந்த விழியின் பின்புறத்தில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. ஃபிளாஷும் லென்ஸும் நெருக்கமாக இருந்தால் அந்தச் சிவப்பு நேரே லென்ஸுக்குள் வருகிறது. இரண்டு மீட்டர் தொலைவில் 15 செ.மீ. உயரம் சுமார் 4.3 பாகைக் கோணம் தருகிறது, 25 செ.மீ. சுமார் 7.1 பாகை. ஐந்து மீட்டருக்குப் போய்விட்டால் இவை 1.7, 2.9 என்று சுருங்கிவிடுகின்றன. கோணம் குறையக் குறையச் சிவப்பு அதிகம் வரும், ஆகவே மேடைக்குக் கீழே நின்று நீள லென்ஸில் எடுப்பவருக்குத்தான் பிராக்கெட்டின் உயரம் அதிகம் உதவுகிறது. அந்த உயரத்தால் நிழலும் ஆளின் பின்னால் கீழிறங்கி, படத்தில் தெரியாமல் போகிறது.

ஒளி மென்மையாகும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மென்மை என்பது ஒளி வரும் பரப்பு ஆளுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. உள்ளங்கையளவு ஃபிளாஷை ஒரு சாண் மேலே தூக்கினாலும் மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது உள்ளங்கையளவுதான். பூச்சிகளை மேக்ரோ லென்ஸில் எடுக்கும்போது நிலைமை தலைகீழ். அங்கே பொருள் ஒரு சாண் தொலைவில் இருப்பதால், வளையும் கையுள்ள பிராக்கெட்டில் அதே ஃபிளாஷை லென்ஸின் முனைக்குக் கொண்டுவந்தால் எறும்புக்கு அது வானம் போன்ற விளக்காகிவிடுகிறது. லென்ஸின் டிரைபாட் வளையத்தில் பொருத்தும்படி விம்பர்லி நிறுவனம் செய்யும் மேக்ரோ பிராக்கெட் இதற்கென்றே ஆனது.

என் பிராக்கெட்டின் குறை அதன் மூட்டில் இருக்கிறது. எட்டு மாதத்தில் அது தளர்ந்து, பேட்டரியோடு அரைக் கிலோவுக்கு மேல் வரும் ஃபிளாஷ் தன் எடையிலேயே தலைகுனியத் தொடங்கியது. தெருமுனை லேத் பட்டறைக்காரர் ஒரு ஸ்பிரிங் வாஷரைச் சேர்த்து முடுக்கிக் கொடுத்தார். அதன் பிறகு புகார் இல்லை. செய்தவரே அதைப் போட்டிருக்கலாம்.

மூன்றாவது வகையில் ஃபிளாஷ் அசைவதில்லை, கேமராதான் அதன் கீழே சுழல்கிறது. டிரைபாடில் வைக்கும்போது இதன் அருமை தெரிகிறது. சாதாரணமாக நெட்டுப் படத்துக்கு டிரைபாட் தலையை ஒரு பக்கம் சாய்த்தால், கேமரா, லென்ஸ், பிராக்கெட், ஃபிளாஷ் எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கிலோ ஒரு பக்கமாகத் தொங்கும். பந்து மூட்டு மெல்ல வழுக்கும், சில சமயம் டிரைபாடே கவிழப் பார்க்கும். சுழலும் பிராக்கெட்டில் தலை நிமிர்ந்தபடியே இருக்கிறது, எடை நடுவிலேயே நிற்கிறது, குடும்பக் குழுப்படத்துக்கும் தனிப்படத்துக்கும் சட்டகத்தை ஒரு நொடியில் மாற்ற முடிகிறது. கையில் தூக்கிக்கொண்டு திரிவதற்கு இது ஆகாது. முகூர்த்தம் முடிவதற்குள் மணிக்கட்டு கெஞ்சிவிடும்.

ஃபிளாஷைக் கேமராவோடு இணைப்பது தனிச் செலவு. கேனானின் ஓசி-இ3, நிக்கானின் எஸ்சி-28 போன்ற கேபிள்கள் டிடிஎல் கணக்கை, அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷின் அளவைத் தீர்மானிக்கும் கணக்கை, அப்படியே கடத்துகின்றன. கம்பியில்லாமல் ஃபிளாஷை அடிக்க வைக்கும் ரேடியோ டிரிக்கர் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஆனால் சில டிரிக்கர்களில் 0–30 மீட்டர், 1–100 மீட்டர் என்று இரண்டு தொலைவு அமைப்புகள் உண்டு. பிராக்கெட்டில் ஃபிளாஷ் ஒரு சாண் தொலைவில்தான் இருக்கிறது என்பதால் முதல் அமைப்பில் வைக்காவிட்டால் இடையிடையே ஃபிளாஷ் அடிக்காமல் ஏமாற்றும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிச்சயதார்த்தம் முழுவதும் ஆயிற்று.

வாங்கப் போகும்போது சொந்தக் கேமராவையும் ஃபிளாஷையும் எடுத்துச் செல்லுங்கள். பொருத்திய நிலையிலேயே பேட்டரிக் கதவு திறக்கிறதா, அடித்தட்டில் டிரைபாட் திருகுத் துளை இருக்கிறதா, டிரைபாடில் சட்டென மாட்டிக் கழற்ற உதவும் ஆர்கா-சுவிஸ் தகட்டைப் போட இடம் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். என்னுடையதில் பேட்டரிக் கதவு திறக்காது. ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் கேமராவைக் கழற்றித்தான் மாட்டுகிறேன்.