பழைய டீசல் பிக்கப், காலை 3 மணி செல்ஃப்: ஒன்றரை வருட அனுபவம்

நீலகிரி மலையில் கேத்தி பாலாடா பக்கம் கேரட் போடுகிறோம். ராத்திரியே பிடுங்கி, மெஷினில் கழுவி, மூட்டை ஏற்றி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியாக வேண்டும். அதனால் எங்கள் வண்டிக்கு வேலை நேரம் காலை 3 மணி. டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்தில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

வண்டி 2003 மாடல், 4 சிலிண்டர், ஹீட்டர் பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டருக்குள் சூடு கொடுப்பது) வைத்த பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல். 2016-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2023 டிசம்பரில் தொல்லை ஆரம்பித்தது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. ஐந்தாறு தடவை அடித்தால் ஒரு சிலிண்டர் மட்டும் இருமிக்கொண்டு எழும், மற்றது பின்னால் வரும். ஒரு தடவை எழுந்துவிட்டால் நாள் முழுக்க அரை செல்ஃப் போதும்.

முதலில் செய்தது தப்பு. ஊரில் எல்லோரும் சொன்னார்கள் என்று புது பேட்டரி போட்டேன். காலை செல்ஃப் இன்னும் வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, மாட்டுக்கொட்டகை லைட்டுக்குப் போயிருந்த பழைய பேட்டரியைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். நிற்கும்போது 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போகவில்லை. அதில் குறையே இல்லை.

ஒரு மெக்கானிக் டீசல் பம்பை இறக்கணும் என்றார். இன்னொருவர் ஏர் ஃபில்டர் வாயில் தீப்பந்தம் காட்டி ஸ்டார்ட் செய்து காட்டினார். ஸ்டார்ட் ஆனது உண்மை, ஆனால் தினமும் 3 மணிக்கு நான் பந்தம் பிடிக்க முடியாது. காற்று போகும் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே (சட்டென்று தீப்பிடிக்கும் ஈதர்) அடிக்கும் யோசனையும் வந்தது. ஹீட்டர் பிளக் உள்ள வண்டிக்கு அது ஆபத்து. சூடான பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடித்தால் பிஸ்டன் போய்விடும்.

உருப்படியாக யோசிக்க வைத்தது சைலன்சர்தான். செல்ஃப் அடிக்கும்போது பையனை டார்ச்சோடு பின்னால் நிற்க வைத்தேன். "வெள்ளைப் புகை கொட்டுதுப்பா" என்றான். வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல். அதாவது டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரிய வைக்கும் சூடுதான் போதவில்லை. நம் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். டீசல் என்ஜினில் காற்றை அமுக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றும். அந்தச் சூடு இங்கே ஏற்கெனவே குறைவு, பனி அதையும் குறைக்கும். மிச்சத்தை ஹீட்டர் பிளக் கொடுக்க வேண்டும்.

டேஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைவதால் பிளக் வேலை செய்கிறது என்றே நம்பியிருந்தேன். என் வண்டியில் அந்த விளக்கு வெறும் டைமர். பிளக் செத்தாலும் அது அழகாக எரிந்து அணையும். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்பை ஒவ்வொரு பிளக் தலையிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டில் எரிந்தது, இரண்டில் இல்லை. மல்டிமீட்டரும் அதையே சொன்னது: நல்லது இரண்டிலும் ஒரு ஓம் அளவு, செத்ததில் இணைப்பே காட்டவில்லை. நான்கையும் மாற்றினேன். மறுநாள் காலை முதல் செல்ஃபிலேயே எழுந்தது. இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

2024 மே மாதம் திரும்ப வந்தது. மே மாதத்தில் என்ன குளிர்? இந்த முறை பையன் பின்னால் நின்று, "புகையே இல்லையே" என்றான். அப்படியானால் சூடு பிரச்சினை இல்லை, டீசலே போய்ச் சேரவில்லை. ஹேண்ட் பிரைமரை (லைனில் டீசலை ஏற்றும் கைப்பம்ப்) இருபது முப்பது தடவை அமுக்கினால் உடனே ஸ்டார்ட். ராத்திரி நிற்கும்போது லைனில் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் கூட இல்லாததால் மெக்கானிக் நம்பவில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள உறிஞ்சும் பக்க லைனில் காற்று உள்ளே வரும், டீசல் வெளியே வராது. பகலில் என்ஜின் ஓடும்போது பம்ப் எப்படியோ சமாளித்துவிடும்.

இதைக் கண்டுபிடித்ததில் பாதி எங்கள் வாசலுக்குச் சேரும். வாசல் சரிவு. வண்டி மேட்டைப் பார்த்து நின்ற ராத்திரிக்கு மறுநாள்தான் தகராறு. பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் டேங்க் மேலே, என்ஜின் கீழே, ஒரே செல்ஃப். அப்படி நிறுத்திய ஒரு காலையில் பிரைமருக்கு அடியில் லேசான ஈரமும் தெரிந்தது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் கண்ணாடி ஓஸ் (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டினேன். குமிழி குமிழியாக ஓடியது. டேங்க் பக்கம் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்த ரப்பர் ஓஸை மாற்றியதும் குமிழி பாதியானது. பிரைமரையே மாற்றியதும் நின்றது. பம்பை யாரும் தொடவே இல்லை. எல்லாம் சேர்த்து பேட்டரிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு முழு பனிக்காலம் ஓட்டியாகிவிட்டது. பனி கொட்டிய காலைகளில் ஹீட்டரை இரண்டு முறை போட்டுவிட்டு அடித்தால் போதும். எழுந்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகையும் கொஞ்சம் தடதடப்பும் இருக்கிறது. கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) ஒரு தடவை பார்க்கணும், இன்னும் பார்க்கவில்லை. கண்ணாடி ஓஸை மட்டும் கழற்ற மனசு வரவில்லை. வாரம் ஒரு தடவை பானட்டைத் திறந்து எட்டிப் பார்க்கிறேன். வண்டியை இன்னும் பள்ளத்தைப் பார்த்தேதான் நிறுத்துகிறேன்.