தூளியா, அழவிடுவதா, படுக்கும் நேரத்தைத் தள்ளுவதா?

எட்டரைக்குத் தூளியில் கண் அசந்த மகள் பதினோரு மணிக்கு எழுவாள். ஆட்டினால் தூங்குவாள். பன்னிரண்டேகாலுக்கு மறுபடியும் எழுவாள். ஏழாம் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கையில் தூளிக்கயிறு இருந்துகொண்டே இருந்தது.

கைக்குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடம். சுற்று முடியும்போது லேசாக விழிப்புத் தட்டுவது எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ளதுதான். ஆனால் கண் சொருகும்போது ஆட்டம் இருந்திருந்தால், விழிக்கும்போதும் அந்த ஆட்டத்தைத் தேடும். மார்பில் தூங்கிப் பழகியது மார்பைத் தேடும். குழந்தையைத் தூங்கப் பழக்கும் எல்லா முறைகளும் இந்த ஒரு முடிச்சைத்தான் வெவ்வேறு பக்கமிருந்து அவிழ்க்கப் பார்க்கின்றன.

தூளியில் பத்தே நிமிடத்தில் தூக்கம் வந்துவிடும், அதை மறுக்க முடியாது. ஆனால் தூங்க வைப்பது தூளிதான், குழந்தை தானாகத் தூங்கக் கற்பதில்லை. இன்னொரு கவலையும் உண்டு. துணி குழிவதால் சின்னக் குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைபடலாம். தலையணை இல்லாத, சமமான, உறுதியான படுக்கையில் மல்லாந்து படுக்க வைக்க வேண்டும் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் ராத்திரி முழுக்கத் தூளி என்பதை முதலிலேயே விட்டோம்.

அடுத்தது, அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-இல் பிரபலப்படுத்திய முறை. விழித்திருக்கும்போதே படுக்க வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். அழுதால் முதல் நாள் 3 நிமிடம் கழித்து எட்டிப் பார்த்து, தட்டிக்கொடுத்துத் திரும்ப வேண்டும். பிறகு 5, அப்புறம் 10. மறுநாள் 5-இல் தொடங்கும். தூக்கி எடுக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் இது இரண்டாம் நாளே படுத்துவிட்டது. ஒரே படுக்கையறை, சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஐந்து நிமிடம் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மாமியார் கதவருகே வந்து, "பச்சப்புள்ளைய அழவிட்டு வேடிக்கை பாக்குறியேம்மா" என்றார். நாலாவது நிமிடத்தில் குழந்தை அவர் இடுப்பில். பாதியில் தூக்கினால், அழுதால் தூக்குவார்கள் என்றுதானே அது கற்றுக்கொள்ளும்?

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சில நாளுக்கொரு முறை அதைத் தள்ளிப் போடும் முறையும் உண்டு. என்னைப் பார்த்துவிட்டால் மடி வேண்டும் என்பவளிடம் அது செல்லவில்லை.

கடைசியில் கைகொடுத்தது நேரத்தைத் தள்ளியதுதான். எட்டு மணிக்குப் படுக்க வைத்து ஒன்பது வரை போராடுவதற்குப் பதில், ஒன்பதுக்கே படுக்க வைத்தோம். கண் கசக்கிக்கொண்டு வந்தவள் பத்து நிமிட முனகலோடு தூங்கினாள். மூன்று நாள் அப்படியே போனதும் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்தோம். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் மாற்றவில்லை. மாலை ஐந்துக்கு மேல் குட்டித்தூக்கம் கிடையாது, அதுதான் கஷ்டம்.

ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தார் 6 முதல் 16 மாதக் குழந்தைகள் 43 பேரை வைத்து, இடைவெளி விட்டு அழவிடுவதையும் நேரத்தைத் தள்ளுவதையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். இரண்டிலும் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள். இரவில் விழிப்பது வெகுவாகக் குறைந்தது மட்டும் இடைவெளி விட்டு அழவிட்ட குழுவில்தான். அழுததால் மன அழுத்தமோ, ஓராண்டுக்குப் பிறகு பெற்றோரிடம் ஒட்டுதலில் குறையோ காணப்படவில்லை. ஆக, அழவிடுவது கொடுமை என்ற மாமியார் கட்சிக்கு இதில் ஆதாரமில்லை. சிறிய ஆய்வுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தனி அறையும், இருவரும் ஒரே பிடியாக நிற்கும் மனமும் இருந்தால் ஃபெர்பர் முறைதான் வேகமானது. கூட்டுக்குடும்பம், ஒற்றைப் படுக்கையறை என்றால் நேரத்தைத் தள்ளுங்கள், வாரங்கள் ஆகும். நாலு மாதத்துக்குள் எதுவும் வேண்டாம். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு, மருத்துவரைக் கேட்காமல் ராத்திரிப் பாலில் கை வைக்காதீர்கள்.

இப்போது ராத்திரி ஒரு தடவை எழுகிறாள், பாலுக்கு. பகல் தூக்கத்துக்குத் தூளி இன்னும் கூடத்தில் தொங்குகிறது. பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.