காசிமேட்டுப் படிப்பகமும் ஒரு பச்சை ஃபைலும்

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், ஐஸ் கம்பெனிச் சந்தில், மாடியில் இருக்கிறது இந்தப் படிப்பகம். சந்தா மாதம் 30 ரூபாய். எனக்கு விசைப்படகில் வேலை. இந்தத் தடைக்காலத்தில் பாதி நாள் அங்கேதான் கழிந்தது. ஒரே ஒரு ஃபேன், மே மாதத்தில் சட்டை நனைந்துவிடும். அது பரவாயில்லை, ஃபைல்களுக்காகவே போகலாம்.

படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் செய்தித்தாள்களை வெட்டி, விஷயவாரியாக ஒட்டி வைத்திருக்கிறார். ‘எல்லைப்புறப் பழங்குடிகள்’ என்று எழுதிய பச்சை ஃபைல், பாகிஸ்தானின் ஆப்கன் எல்லையோரம் வாழும் பஷ்தூன் மக்களைப் பற்றியது. அதில் பசை காய்ந்து துணுக்குகள் உதிர்கின்றன. பார்த்துத்தான் புரட்ட வேண்டும்.

முதல் பக்கமே வெள்ளைக்காரன் போட்ட 1901ஆம் வருட எல்லைப்புறக் குற்றச் சட்டம். ஒருவன் செய்த தப்புக்கு அவன் குலத்தையே பிடிக்கலாம், வீட்டை இடிக்கலாம். குலத்தையே குற்றவாளியாக்கிய நம் நாட்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1952இல் ஒழித்தாயிற்று. பாகிஸ்தான் அந்த எல்லைப்புறச் சட்டத்தை 2018 வரை வைத்திருந்தது.

அப்புறம் நான் நகர முடியாமல் நின்ற பக்கம். 2011 மார்ச் 17, வடக்கு வஜீரிஸ்தானில் தத்தா கேல். ஒரு குரோமைட் சுரங்கத் தகராறைப் பேசித் தீர்க்க ஜிர்கா கூடியிருந்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான் அதுவும். அமெரிக்க ட்ரோன் ஏவுகணை விழுந்து சுமார் 40 பேர் செத்தார்கள். தீவிரவாதிகள் என்றது அமெரிக்கா. ஊர்ப் பெரியவர்கள் கூடிய கூட்டம் என்று பாகிஸ்தான் ராணுவத் தளபதியே கண்டித்தார்.

என் தாத்தா பத்துப் பேர் இருந்த ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர். விசைப்படகு போய் ஃபைபர் படகின் வலையை அறுத்துவிட்டால் நஷ்டஈடு எவ்வளவு, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பழைய பகை, எல்லாம் அவர்கள் நினைவில்தான் இருந்தது. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. அந்தப் பத்துப் பேரும் ஒரே காலையில் போய்விட்டால் அடுத்த சண்டையை யார் விலக்குவது? வஜீரிஸ்தானில் மாலிக் எனப்படும் குலத் தலைவர்களைத் தலிபான்கள் அதற்கு முன்பிருந்தே ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டிருந்தார்கள். எஞ்சியவர்கள் தலையில் வானத்திலிருந்து விழுந்தது. 2014 ஜூனில் தலிபான்களை ஒடுக்கப் பாகிஸ்தான் ராணுவம் இறங்கியதும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். திரும்பியவர்களுக்கு மண்ணுக்குள் கண்ணிவெடி. 2018இல் பஷ்தூன் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டதும் அதைத்தான்: வெடியை எடுங்கள், காணாமல் போனவர்களைக் காட்டுங்கள்.

ஃபைலில் எனக்கு ஒரு குறை உண்டு. அகதி முகாம் படங்களில் அத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஒருத்தி பேசியதும் அச்சில் இல்லை. சுவரில் உள்ள வரைபடமும் பழசு, 2018இல் பக்கத்து மாகாணத்தோடு சேர்த்துவிட்ட ஏழு ஏஜென்சிகளும், அதாவது அந்தப் பழங்குடிப் பகுதியின் நிர்வாகப் பிரிவுகளும், அதில் இன்னும் தனியாகவே இருக்கின்றன.

ஃபைலை வீட்டுக்குத் தரமாட்டார், ஜெராக்ஸ் எடுக்கலாம். தத்தா கேல் பக்கத்தை எடுத்துப் போய், இப்போது பஞ்சாயத்தில் இருக்கும் என் மாமாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். “சரிடா, அந்தச் சுரங்கத் தகராறு கடைசியில தீர்ந்துச்சா?” என்று கேட்டார்.