எம்ஐடியின் இலவச போக்கர் வகுப்பு: காசு கொடுத்துக் கற்பதற்கு முன் இதைப் பாருங்கள்

போக்கர் கற்றுக்கொள்ள எங்கே தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, எம்ஐடி 2015 ஜனவரியில் நடத்திய ‘போக்கர் தியரி அண்ட் அனலிடிக்ஸ்’ வகுப்பைத்தான். நம்ம குரோம்பேட்டை எம்ஐடி இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. அவர்களுடைய ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் 15.எஸ்50 என்ற எண்ணில் இருக்கிறது, யூடியூபிலும் பார்க்கலாம். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சான்றிதழும் கிடையாது, போக்கருக்குச் சான்றிதழ் வைத்து என்ன செய்யப் போகிறோம்.

அங்கே ஜனவரியில் வழக்கமான பாடங்களுக்கு இடைவெளி விட்டு இந்த மாதிரி குறுகிய வகுப்புகள் நடக்கும். இது ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியின் கீழ் வந்தது, நடத்தியவர் கெவின் டெஸ்மண்ட். முதலீடு, டிரேடிங் பக்கம் போகிற மாணவர்களை மனதில் வைத்து அமைத்திருக்கிறார்கள், அதனால் இது சூதாட்ட விடுதியின் வாசனை இல்லாத வகுப்பு. பாதி தகவல் மட்டும் தெரிந்த நிலையில் எப்படி முடிவெடுப்பது என்பதுதான் பாடம், அதற்கு டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகை ஒரு களம்.

எனக்கு இது பிடித்ததற்கு முக்கியக் காரணத்தைச் சொல்கிறேன். நெட்டில் கிடைக்கும் போக்கர் வீடியோக்களில் பெரும்பாலானவை ஆட்டத்தைக் காட்டுகின்றன, யோசனையைக் காட்டுவதில்லை. ஒருவர் கையில் ஒன்றுமே இல்லாமல் சிப்ஸ் மொத்தத்தையும் தள்ளி எதிராளியை ஃபோல்டு செய்ய, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலக, வைப்பார், பின்னணியில் இசை ஏறும், பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதே இடத்தில் அதே ஆளிடம் நூறு முறை அப்படிச் செய்தால் லாபமா நஷ்டமா என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. டெஸ்மண்ட் அந்தக் கேள்வியிலிருந்து விலகுவதே இல்லை. ஜெயித்தாயா தோற்றாயா என்று பார்க்காதே, அந்த முடிவின் சராசரி லாபம் என்ன என்று பார் என்பதுதான் வகுப்பு முழுவதும் ஓடும் சரடு. ஆடுபவர்கள் இதை ஈவி என்பார்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. பாட், அதாவது மேஜை நடுவில் சேர்ந்திருக்கும் தொகை, 100. எதிராளி 50 பெட் போடுகிறார். நீங்கள் 50 கொடுத்து 150ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள், கால் செய்த (அவர் போட்ட அதே தொகையைப் போட்ட) பிறகு மொத்த பாட் 200. அப்படியென்றால் நான்கில் ஒரு முறை, அதாவது 25 சதவீதம் ஜெயித்தாலே கையைக் கடிக்காது. ஃப்ளாப்பில், அதாவது மேஜையில் முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்ததும், உங்களுக்கு ஃப்ளஷ் டிரா (ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு, இன்னொன்று வந்தால் ஃப்ளஷ்) இருந்தால் மீதி 47 சீட்டில் 9 சீட்டு உதவும். அடுத்த ஒரு சீட்டில் அது வர வாய்ப்பு 19 சதவீதம்தான், இரண்டு சீட்டும் பார்க்க முடிந்தால் 35. ஆகவே எதிராளி ஆல்-இன் போய்விட்டு (தன் சிப்ஸ் மொத்தத்தையும் வைத்துவிட்டு), இனிமேல் பெட்டே கிடையாது என்றால் தாராளமாகக் கால் செய்யலாம். டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டில், மறுபடியும் பெட் வரும் என்றால் வெறும் கணக்குப்படி போதாது, ஃப்ளஷ் விழுந்த பிறகு அவரிடமிருந்து இன்னும் எவ்வளவு வாங்க முடியும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு, பத்தாம் வகுப்பு நிகழ்தகவு போதும். இது பழகுவதற்கு முன் எந்தச் சூட்சுமத்தைக் கற்றாலும் வீண்.

தொடரில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வது பில் சென் எடுத்த கேம் தியரி (எதிராளியும் யோசிப்பார் என்று வைத்து முடிவெடுக்கும் கணிதம்) உரையை. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், 2006இல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரில் இரண்டு பிரேஸ்லெட் (அங்கே ஒரு போட்டியை ஜெயித்தவருக்குத் தரும் பரிசு) வாங்கியவர். போக்கரை இவ்வளவு பெரிய ஆட்டமாக நேரடியாக அலசாமல் சின்னச் சின்ன ஆட்டங்களாகச் சுருக்கி யோசிப்பது அவருடைய வழி. அந்த வழி எப்படி வேலை செய்யும் என்று நானே ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் கையில் ஏஸ் அல்லது ராணி, இரண்டுக்கும் சம வாய்ப்பு. எதிராளியிடம் எப்போதும் ராஜா. ஏஸ் ராஜாவை வெல்லும், ராஜா ராணியை வெல்லும். பாட்டில் 100, நீங்கள் 100 பெட் போடலாம், அல்லது சும்மா இருக்கலாம். ஏஸ் வந்தால் எப்போதும் பெட், அதில் சந்தேகமே இல்லை. ராணி வந்தால்? ஒருபோதும் ப்ளஃப் செய்யாவிட்டால் (தோற்கும் சீட்டை வைத்துக்கொண்டு பெட் போடாவிட்டால்) எதிராளி உங்கள் பெட்டுக்கு ஒருபோதும் கால் செய்ய மாட்டார், உங்கள் ஏஸுக்குக் கூலியே கிடைக்காது. எப்போதும் ப்ளஃப் செய்தால் அவர் எப்போதும் கால் செய்வார். சரி, நடுவில் எங்கே நிற்பது? அவர் 100 கொடுத்து 200ஐப் பிடிக்கப் பார்க்கிறார், மூன்றில் ஒரு முறை ஜெயித்தால் அவருக்குச் சமம். ஆகவே உங்கள் பெட்டுகளில் மூன்றில் ஒன்று ப்ளஃப்பாக இருக்க வேண்டும், அதாவது ராணி வரும்போது பாதி தடவை பெட். அவர் பக்கம் பார்த்தால், பாதி தடவை அவர் கால் செய்தால் உங்கள் ப்ளஃப்புக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு ப்ளஃப் என்பது தைரியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்ற எண்ணமே போய்விடும். எதிராளியின் கண்ணைப் பார்ப்பது, கை நடுங்குகிறதா என்று கவனிப்பதெல்லாம் அப்புறம்.

மேட் ஹாவ்ரிலென்கோவின் உரையும் உண்டு, அவரும் பிரேஸ்லெட் வாங்கிய ஆட்டக்காரர். முடிவெடுப்பதைப் பற்றிப் பேசுகிறார், கணக்கு குறைவு, நிதானமாகக் கேட்கலாம்.

இனி குறைகள். டெஸ்மண்ட் வேகமாகப் பேசுகிறார், ஹோல்டெம் விதிகளே தெரியாதவர்கள் முதல் வகுப்பிலேயே திணறுவார்கள், ஆகவே எந்தக் கை (சீட்டுச் சேர்க்கை) எந்தக் கையை வெல்லும், பிளைண்ட் என்றால் என்ன என்பதையெல்லாம் முன்பே படித்துவிட்டு உட்காருங்கள். அடுத்தது, டோர்னமெண்ட் பக்கம் சாய்வு அதிகம். சிப்ஸ் குறைந்த நிலையில் எப்போது ஆல்-இன் போவது, எப்போது விடுவது என்பதெல்லாம் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள், ஆனால் ஆழமான சிப்ஸோடு ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று மூன்று கட்டமாக ஒரு கையை (ஒரு சுற்று ஆட்டத்தையும் கை என்பார்கள்) எப்படித் திட்டமிடுவது என்பது இங்கே போதுமான அளவு இல்லை. கேஷ் கேம் (டோர்னமெண்ட் இல்லாமல், சிப்ஸுக்கு நேரடிப் பண மதிப்பு உள்ள ஆட்டம்) பழக நினைப்பவர்களுக்கு இது பெரிய குறைதான்.

காலமும் மாறிவிட்டது. இந்த வகுப்பு நடந்த அதே 2015 ஜனவரியில்தான் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை (பெட் அளவுக்கு வரம்பு உள்ள வகையை) கணினி கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்த்துவிட்டது என்று அறிவித்தது. அதே ஆண்டில் பயோசால்வர் மென்பொருள் விற்பனைக்கு வந்து, சாதாரண ஆட்டக்காரர்களும் வீட்டுக் கணினியில் ஒரு கையைக் கொடுத்து விடை வாங்க முடிந்தது. இப்போது ஜிடிஓ விசார்டு போன்ற தளங்களில் போன் வழியாகவே அந்த விடைகளைப் பார்த்துவிடலாம். எம்ஐடி வகுப்பு இந்த அலைக்குச் சற்று முன்னால் எடுத்தது. அதனால் இது பழசாகிவிட்டது என்று ஒதுக்குபவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சால்வர், அதாவது இப்படி விடை கண்டுபிடிக்கும் மென்பொருள், விடையைத் தருமே தவிர காரணத்தைத் தராது. இந்தச் சீட்டோடு 37 சதவீதம் பெட், மீதிக்கு செக் (பெட் போடாமல் விடுவது) என்று அது காட்டும்போது, ஏன் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, பாட்டின் அளவு கொஞ்சம் மாறினாலே முழிக்கிறார்கள். மேலே சொன்ன ராணி-ராஜா கணக்கு தெரிந்தவருக்கு சால்வர் ஒரு நல்ல கருவி. தெரியாதவர் அதற்கு மாதச் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வகுப்போடு சேர்த்து என்ன செய்தால் உண்மையில் ஆட்டம் தேறும் என்றால், ஆடிய கைகளை எழுதிவைத்து மறுநாள் திறந்து பார்ப்பதுதான். பெரிய பாட்டில் முடிந்த கைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெயித்தவற்றையும் சேர்த்து. ரம்மியில் நம் கையைச் சேர்ப்பதிலேயே கவனம் இருக்கும், அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் போக்கரிலும் தன் இரண்டு சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே எதிராளியிடம் எந்தெந்தச் சீட்டுகள் இருக்கலாம் என்ற மொத்தத் தொகுப்பை, ரேஞ்சை, யோசிக்க வேண்டும். அதற்கு எண்ணிப் பார்ப்பது உதவும். இரண்டு சீட்டுக் கைகள் மொத்தம் 1326. அதில் இரண்டு ஏஸ் 6 விதமாக வரும், ஏஸ்-ராஜா 16 விதமாக வரும். உங்கள் கையிலேயே ஒரு ஏஸ் இருந்துவிட்டால் அது 3 ஆகவும் 12 ஆகவும் சுருங்கிவிடும். எதிராளி பலமாக ரைஸ் செய்ததும் (பெட்டை ஏற்றியதும்) ஐயோ இரண்டு ஏஸ் என்று பயப்படுபவர்கள் இந்த எண்ணிக்கையை ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஈக்விலேப் என்ற இலவச மென்பொருள் ரேஞ்சுக்கு எதிராக உங்கள் கை எத்தனை சதவீதம் ஜெயிக்கும் என்று நொடியில் சொல்லும். முதலில் நீங்கள் ஊகித்து எழுதிவிட்டு, பிறகு அதில் சரிபாருங்கள்.

முன்னேறுகிறோமா என்பதை ஒரு வார லாபத்தை வைத்து அளக்காதீர்கள். 2017இல் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலனின் லிப்ராடஸ் கணினி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை எதிர்த்து ஆடியபோது, அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க 20 நாட்களில் 1,20,000 கைகள் ஆட வேண்டியிருந்தது. அதுவும் போதாதென்று, ஒருவருக்கு விழுந்த சீட்டை இன்னொருவரின் மேஜையில் கணினிக்குக் கொடுத்து இரு பக்கமும் சமமாக்கினார்கள். அப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை இரவு ஜெயித்ததை வைத்து யாரும் தன்னைத் திறமைசாலி என்று முடிவு கட்ட முடியாது.

காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆன்லைன் ரம்மி நம் ஊரில் எத்தனை குடும்பங்களைக் கடனில் தள்ளியது என்று எல்லோரும் பார்த்தோம். எம்ஐடி மாணவர்களும் பணம் கட்டாமல் தங்களுக்குள் லீக் வைத்து ஆடித்தான் இதைப் பழகினார்கள். வீட்டில் நான்கைந்து நண்பர்களோடு சும்மா சிப்ஸை வைத்து, டோர்னமெண்ட் மாதிரி கடைசியாக நிற்பவர் வெற்றி என்று ஆடினால் எல்லோரும் பொறுப்பாகவே ஆடுகிறார்கள், ஏனென்றால் வெளியேறியவர் மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வேகமாகச் சம்பாதிக்கலாம் என்று சொல்லி டெலிகிராமில் பயிற்சி விற்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

இதே 15.எஸ்50 எண்ணில் 2016இல் வில் மா நடத்திய இன்னொரு வகுப்பும் ஓப்பன்கோர்ஸ்வேரில் கிடைக்கிறது, ‘ஹவ் டு வின் அட் டெக்சாஸ் ஹோல்டெம்’ என்ற பெயரில். தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டெஸ்மண்ட் தொடரை முதலில் பாருங்கள், பில் சென் உரையைக் கையில் காகிதம் வைத்துக்கொண்டு இரண்டு தடவை பாருங்கள், அப்புறம் வில் மா பக்கம் போகலாம். ஆங்கிலம் வேகமாக இருக்கிறது என்பவர்களுக்கு சப்டைட்டில் உண்டு, வீடியோக்களைத் தளத்திலிருந்தே இறக்கிவைத்துக்கொள்ளலாம்.